மேசையை அளந்துவிட்டு விசைப்பலகை வாங்குங்கள்

வாசகர் கேள்வி – பதில்

தட்டச்சு செய்வதால் கையிலும் தோளிலும் வரும் வலி பற்றியும், அதற்குத் தீர்வு என்று இப்போது பலரும் பரிந்துரைக்கும் மெக்கானிக்கல் விசைப்பலகை (ஒவ்வொரு விசைக்கும் தனி சுவிட்சும் சுருள்வில்லும் உள்ளது) பற்றியும் கொங்கு வட்டாரத்திலிருந்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே செய்தியைக் கேட்டிருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். காலை முதல் மாலை வரை டேலி கணக்கு மென்பொருளில் பதிவு போடுவதுதான் வேலை. மாதத்தில் 11, 20 ஆம் தேதிகள் நெருங்கினால் ஜிஎஸ்டி தாக்கலுக்காக இரவிலும் உட்கார வேண்டியிருக்கும். சில மாதங்களாக வலது தோள்பட்டையும் மணிக்கட்டும் வலிக்கின்றன. 'அறுபது சதவீத' மெக்கானிக்கல் கீபோர்டு வாங்கினால் வலி போய்விடும் என்று பெங்களூரில் இருக்கும் என் தம்பி சொல்கிறான். வாங்கலாமா? என் உயரம் ஐந்தடிக்குச் சற்றுக் குறைவு. (வாசகி, திருப்பூர்)

பதில்: தம்பி சொல்லும் அந்தக் குட்டி விசைப்பலகை உங்கள் வேலைக்கு ஆகாது. அறுபது சதவீதம் எனப்படும் வகையில் வலப்பக்க எண்பலகை இருக்காது. அம்புக்குறி விசைகளும் மேல் வரிசையிலுள்ள எஃப் விசைகளும்கூடத் தனியாக இருக்கமாட்டா. டேலியில் பேமென்ட்டுக்கு எஃப் 5, ரசீதுக்கு எஃப் 6, ஜர்னலுக்கு எஃப் 7, விற்பனைக்கு எஃப் 8, கொள்முதலுக்கு எஃப் 9 என்று பார்க்காமலே விரல் போய்ப் பழகிய ஒருவர், ஒவ்வொன்றுக்கும் இன்னொரு விசையைப் பிடித்துக்கொண்டு எண் வரிசையை அழுத்த வேண்டும் என்றால், இப்போது வலது பக்கம் மட்டும் இருக்கும் வலி இடது பக்கத்துக்கும் வந்து சேரும். நாளெல்லாம் நிரல் எழுதுகிறவருக்கு அந்த அளவு ஒத்துப்போகலாம். பில் எண்ணும் தொகையுமாக அடிக்கிறவருக்கு ஒத்துவராது.

ஆனாலும் பலகையின் அகலம் என்ற ஒன்றைத் தம்பி சரியாகவே கவனித்திருக்கிறார். 104 விசைகள் கொண்ட முழு அளவு விசைப்பலகை ஏறத்தாழ 44 செ.மீ. அகலம். எழுத்துப் பகுதியின் நடு, அதாவது ஜி விசைக்கும் எச் விசைக்கும் இடைப்பட்ட கோடு, உங்கள் தொப்புளுக்கு நேராக இருக்கும்படி வைத்தால், எண்பலகை முழுவதும் வலப்பக்கம் தள்ளி நிற்கும். மவுஸ் அதற்கும் அப்பால் போய்விடும். அங்கே இருக்கும் மவுஸைப் பிடிக்க மேல் கை உடலைவிட்டு விலகியே இருக்க வேண்டும். அப்படி விலகிய கையைத் தாங்கிப் பிடிக்கத் தோள் தசை நாள் முழுவதும் இறுகியே இருக்கும். உங்கள் தோள் வலிக்கு நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். அதற்குக் காசு செலவில்லாத வழி ஒன்று உண்டு: மவுஸை இடப்பக்கம் மாற்றி இரண்டு வாரம் பழகிப் பாருங்கள். எண்களை வலக்கையும் மவுஸை இடக்கையும் பார்த்துக்கொண்டால் வேலையும் ஓரளவு பங்கிடப்படும். அது ஒத்துவரவில்லை என்றால், எண்பலகை இல்லாத 87 விசை விசைப்பலகை ஒன்றும், தனி எண்பலகை ஒன்றும் வாங்கலாம். முன்னது ஏறத்தாழ 36 செ.மீ. அகலம்தான், எஃப் விசைகளும் அம்புக்குறிகளும் அதில் இருக்கும். தனி எண்பலகையைப் பதிவு போடும்போது மட்டும் வலப்பக்கம் இழுத்துக்கொண்டு, மற்ற நேரத்தில் ஒதுக்கி வைக்கலாம்.

ஐந்தடிக்குச் சற்றுக் குறைவு என்று கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான். நம் அலுவலக மேசைகள் பெரும்பாலும் இரண்டரை அடி, அதாவது 75 செ.மீ. உயரத்தில் செய்யப்படுகின்றன. பாதம் தரையில் படியும்படி நாற்காலியில் உட்கார்ந்து, தோளைத் தளரவிட்டு, முழங்கையைச் செங்கோணமாக மடக்கிக்கொண்டு, தரையிலிருந்து முழங்கையின் அடிப்பாகம் வரை பக்கத்து இருக்கைத் தோழியை அளக்கச் சொல்லுங்கள். உங்கள் உயரத்துக்கு அது 60 செ.மீ.யை ஒட்டி வரும் என்று எதிர்பார்க்கிறேன். மேசையின் 75 செ.மீ.யோடு விசைப்பலகையின் தடிமனையும் சேர்த்தால், விரல்கள் வேலை செய்யும் மட்டம் முழங்கையைவிடச் சாண் அளவுக்கு மேலே இருக்கிறது. அந்த உயரத்தை எட்ட உடம்பு இரண்டு காரியங்கள் செய்யும்: ஒன்று, தோளைத் தூக்கிக்கொள்ளும், அல்லது மணிக்கட்டை மேசை விளிம்பில் ஊன்றிக் கையைப் பின்னுக்கு வளைத்துக்கொள்ளும். நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு வலிகளும் அந்த இரண்டு இடங்களில்தான் இருக்கின்றன.

ஆகவே விசைப்பலகைக்கு முன்னால் உயரத்தைச் சரிசெய்யுங்கள். நடு வரிசை விசைகளின் மட்டத்துக்கு முழங்கை வரும்வரை நாற்காலியை உயர்த்துங்கள். அப்போது கால் தரையைத் தொடாது தொங்கும் என்பதால் பாதத்துக்கு அடியில் ஏதேனும் வைத்தாக வேண்டும். ஏற்றுமதி நிறுவனத்தில் அட்டைப்பெட்டிக்கா பஞ்சம்? வெட்டுத் துணியை இறுக அடைத்த ஒரு பெட்டி போதும். நாற்காலியை உயர்த்த வழியில்லை என்றால், மேசைக்கு அடியில் இழுத்துக்கொள்ளும் தட்டு ஒன்றைத் தச்சரிடம் சொல்லி அடித்துக்கொள்ளலாம். அதில் விசைப்பலகையோடு மவுஸுக்கும் இடம் இருக்க வேண்டும் என்பதை மட்டும் மறவாமல் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் மவுஸை மேசை மேலேயே விட்டுவிடும் தட்டுகள் தோள் வலியை இன்னும் கூட்டுகின்றன.

விசைப்பலகையின் பின்புறம் இரண்டு சிறு மடக்குக் கால்கள் இருக்குமே, அவற்றை இன்றே மடக்கிவிடுங்கள். எழுத்துகள் கண்ணுக்குத் தெரிவதற்கு அவை உதவலாம். ஆனால் பின்பக்கம் உயர உயர மணிக்கட்டு மேல்நோக்கி வளைகிறது. புறங்கையும் முன்கையும் ஒரே கோட்டில் இருப்பதுதான் மணிக்கட்டுக்கு இயல்பான நிலை. இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்: மெக்கானிக்கல் விசைப்பலகைகள் பொதுவாக நீங்கள் இப்போது பயன்படுத்தும் சாதாரண விசைப்பலகையைவிட உயரம் கூடியவை. மேசை உயரத்தை அப்படியே விட்டுவிட்டு அதை வாங்கி வைத்தால், மணிக்கட்டு முன்னைவிடக் கூடுதலாக வளையும். காசும் போய் வலியும் மிஞ்சும். உயரமும் மவுஸும் சரியாகி ஒரு மாதம் கழித்தும் விரல்கள் சோர்ந்தால், அப்போது மெக்கானிக்கல் பற்றி யோசிக்கலாம். எந்த வகை என்பதை அடுத்த கேள்வியின் பதிலில் பாருங்கள்.

கேள்வி: கோபியில் வீட்டிலிருந்தே ஒரு அமெரிக்க நிறுவனத்துக்கு மென்பொருள் வேலை செய்கிறேன். வேலை இரவில்தான். மெக்கானிக்கல் கீபோர்டு வாங்குவது என்று முடிவு செய்துவிட்டேன். நீலம், சிவப்பு, பழுப்பு என்று கடைக்காரர்கள் சொல்வதில் எதை எடுப்பது? பக்கத்து அறையில் பெற்றோர் தூங்குகிறார்கள். (வாசகர், கோபிசெட்டிபாளையம்)

பதில்: கடைசி வரியிலேயே நீலத்துக்கு விடை இருக்கிறது, அதை விட்டுவிடுங்கள். மற்ற இரண்டையும் புரிந்துகொள்ள, விசைக்குள்ளே நடப்பதைச் சற்றுப் பார்க்க வேண்டும்.

சாதாரண விசைப்பலகையில் ஒவ்வொரு விசைக்கும் அடியில் ரப்பர் குமிழ் ஒன்று இருக்கும். அது நசுங்கி, அடியில் இருக்கும் மின்தாள்கள் ஒன்றையொன்று தொட்டால்தான் எழுத்து பதியும். அதாவது, விசை ஏறக்குறைய அடி வரை போய் முட்டியாக வேண்டும். மெக்கானிக்கல் விசைப்பலகையில் ஒவ்வொரு விசைக்கும் தனி சுவிட்ச், தனி சுருள்வில். ஜெர்மனியின் செர்ரி நிறுவனம் 1980களில் கொண்டுவந்த எம்எக்ஸ் சுவிட்ச்தான் இன்று சந்தையில் இருக்கும் பெரும்பாலானவற்றுக்கு மூலம்; உள்ளே இருக்கும் தண்டுக்கு அவர்கள் கொடுத்த நிறங்களைத்தான் மற்ற நிறுவனங்களும் பின்பற்றுகின்றன. அதில் விசையின் மொத்தப் பயணம் 4 மி.மீ.; சிவப்பிலும் பழுப்பிலும் 2 மி.மீ. இறங்கியதுமே எழுத்து பதிந்துவிடும். மீதிப் பாதி, விரல் முட்டாமல் திரும்பி வருவதற்கான இடம். இந்த மீதிப் பாதிக்காகத்தான் இவ்வளவு விலை கொடுக்கிறோம் என்பது என் எண்ணம். பழைய பழக்கத்தில் ஒவ்வொரு விசையையும் அடிவரை குத்திக்கொண்டே இருந்தால், ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கியதும் சத்தம் கூடிய இன்னொரு விசைப்பலகையாகவே இருக்கும்.

சிவப்பு வகை மேலிருந்து கீழ்வரை தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு போகும். எழுத்து பதியும் இடத்தில் அதற்கு வேண்டிய அழுத்தம் 45 சென்டிநியூட்டன், அதாவது சுமார் 46 கிராம் எடை. பழுப்பில் வழியில் சிறு மேடு ஒன்று விரலுக்குத் தட்டுப்படும். அந்த மேட்டைத் தாண்ட 55 சென்டிநியூட்டன் வேண்டும். நீலத்தில் அந்த மேட்டோடு 'டிக்' என்ற ஒலியும் சேரும், அழுத்தம் 60. இந்த எண்கள் பெட்டியில் இருக்கும்போது ஒன்றும் புரியாது. ஒரு பத்து ரூபாய் நாணயம் ஏறத்தாழ 7.7 கிராம், மூலையில் தனித்து நிற்கும் எஸ்கேப் விசை மீது அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், சிவப்பு வகையில் ஆறு நாணயங்களுக்கு விசை பாதி வழி இறங்கிவிடும், நீலத்துக்கு எட்டு நாணயங்கள் வேண்டியிருக்கும். பல கடைகளில் வாங்க மறுக்கும் அந்த நாணயத்துக்கு இப்படியும் ஒரு பயன் உண்டு.

மெல்லத் தொட்டுத் தட்டச்சு செய்கிறவர் என்றால் சிவப்பு. விரல்களை விசைகள் மீது வைத்தபடியே யோசிக்கும் வழக்கம் இருந்தால் சிவப்பில் வேண்டாத எழுத்துகள் விழும், அப்படிப்பட்டவருக்குப் பழுப்பு. பழுப்பின் மேடு மிகச் சிறியது, இருக்கிறதா என்றே சிலருக்குத் தெரிவதில்லை. அதனால் அதைக் கையால் தொட்டுப் பாராமல் வாங்க வேண்டாம். நீலத்தின் ஒலி அதற்கென்றே வைத்த ஒரு பிளாஸ்டிக் துண்டிலிருந்து வருவது, மெதுவாக அடித்தாலும் அது போகாது. மற்றவற்றில் கேட்கும் ஒலி பெரும்பாலும் விசை அடியில் முட்டுவதாலும் மேலே திரும்பி மோதுவதாலும் வருவது. 'சைலன்ட்' என்று விற்கப்படும் சிவப்பு வகையில் இந்த இரண்டு இடங்களிலும் மெத்தென்ற தடுப்பு இருக்கும். நள்ளிரவு வேலைக்கு என் தேர்வு அதுவே. பலகைக்கு அடியில் ஒரு தடித்த துணி விரிப்பைப் போட்டுவிட்டால் மேசை அதிர்ந்து எழுப்பும் ஒலியும் அடங்கிவிடும்.

கோவை காந்திபுரத்துக் கடைகளுக்குப் போகிற வாய்ப்பு இருந்தால், காட்சிக்கு வைத்திருக்கும் பலகையில் நீங்கள் வழக்கமாக எழுதும் மாதிரி ஒரு பத்தி முழுவதும் அடித்துப் பாருங்கள். ஒரு விசையை மட்டும் நாலு முறை தட்டிப் பார்ப்பதில் ஒன்றும் தெரியாது. வெளியே போக முடியாது என்றால் 'ஹாட் ஸ்வாப்' வசதி உள்ளதாக வாங்குங்கள். அதில் சுவிட்சைப் பற்றவைக்காமல் செருகித்தான் வைத்திருப்பார்கள். நிறம் பிடிக்கவில்லை என்றால் சுவிட்சை மட்டும் பிடுங்கி வேறு வகையைச் செருகிக்கொள்ளலாம். மூன்று முனைச் சுவிட்ச், ஐந்து முனைச் சுவிட்ச் என்று இரண்டு உண்டு. பலகை எதை ஏற்கும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

சுவிட்ச் 5 கோடி முறை உழைக்கும், 10 கோடி முறை உழைக்கும் என்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அதற்கு வெகு முன்னாலேயே ஏபிஎஸ் பிளாஸ்டிக் விசைமூடிகள் தேய்ந்து எண்ணெய் தடவியதுபோல் மின்ன ஆரம்பித்துவிடும். பிபிடி பிளாஸ்டிக் மூடிகள் அந்த வகையில் மேல்.

கேள்வி: பவானியில் ஆவண எழுத்தராக இருக்கிறேன். இளமையில் டைப்ரைட்டிங் ஹையர் முடித்து, முப்பது ஆண்டுகளுக்கு மேல் தட்டச்சுதான் தொழில். இப்போது மகன் வாங்கிக் கொடுத்த லேப்டாப்பில் அடித்தால் விரல் நுனிகள் வலிக்கின்றன. பழைய இயந்திரத்தில் வராத வலி இதில் ஏன் வருகிறது? (வாசகர், பவானி)

பதில்: ஐயா, உங்கள் விரல்கள் கற்றுக்கொண்ட இயந்திரமே வேறு. அங்கே ஒரு விசை ஒரு சென்டிமீட்டருக்கும் மேலே இறங்க வேண்டும். நெம்புகோல் எழும்பி, ரிப்பனைத் தாண்டிக் காகிதத்தில் எழுத்து அழுந்த வேண்டும், கார்பன் வைத்திருந்தால் அடுத்த படியிலும் விழ வேண்டும். அந்த வேகத்தோடு, ஒன்றரை மில்லிமீட்டர் அளவே இறங்கும் லேப்டாப் விசையை அடித்தால், மிஞ்சிய வேகம் முழுவதும் விரல் நுனிக்கே திரும்புகிறது. தட்டச்சு இயந்திரத்தையே பார்த்திராதவர்கள்கூட வேண்டியதைப்போல் பல மடங்கு அழுத்தத்தோடுதான் விசைகளை அடிக்கிறார்கள் என்று ஆய்வுகளில் தெரியவந்திருக்கிறது. உங்கள் கணக்கு அதற்கும் மேலே இருக்கும்.

உங்களைப் போன்றவருக்கு மெக்கானிக்கல் விசைப்பலகை உண்மையாகவே பொருந்தும். அதிலும் முந்தைய பதிலில் நான் தள்ளிவைத்த நீலமே பொருந்தும். பதிந்த கணத்தில் காதுக்கும் விரலுக்கும் ஒருசேரச் சொல்லிவிடுவதால், அதற்கு மேல் அழுத்தத் தேவையில்லை என்பதைக் கை விரைவில் கற்றுக்கொள்ளும். வங்கிகளிலும் அரசு அலுவலகங்களிலும் ஒரு காலத்தில் 'டிக் டிக்' என்று கேட்டுக்கொண்டே இருந்த டிவிஎஸ் கோல்டு விசைப்பலகை இந்த இனத்தைச் சேர்ந்ததுதான். அதை எங்கேனும் பார்த்தால் ஒரு பக்கம் அடித்துப் பாருங்கள். லேப்டாப்பை நாலு தடித்த புத்தகங்கள் மீது வைத்துத் திரையைக் கண் மட்டத்துக்கு உயர்த்திவிட்டு, இதைத் தனியாக இணைத்துக்கொண்டால் கழுத்தும் பிழைக்கும்.

பழைய இயந்திரத்தில் உங்களுக்கு வந்த இரண்டு பழக்கங்களை விட்டுவிடாதீர்கள். பயிலகத்தில் மணிக்கட்டை எங்கும் ஊன்றாமல், முன்கையோடு நேராக வைத்து அடிக்கச் சொல்லியிருப்பார்கள். இன்றைய மருத்துவர்கள் சொல்வதும் அதுவே. மற்றொன்று, யாரும் சொல்லிக்கொடுக்காமலே இயந்திரம் கொடுத்த ஓய்வு. ஒவ்வொரு வரி முடிவிலும் மணி அடித்ததும் இடக்கை எழுந்து போய் உருளையைத் தள்ளியது. பக்கம் முடிந்தால் தாளை உருவி வேறு செருகினோம். கணினியில் வரி தானாகவே மடங்கிக்கொள்வதால் கை ஒரே நிலையில் மணிக்கணக்கில் நிற்கிறது. ஒவ்வொரு பத்தி முடிந்ததும் இரு கைகளையும் மடியில் போட்டுவிட்டு, அடித்ததை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். ஆவணத்தில் நான்கெல்லைகளும் சர்வே எண்ணும் பிழையில்லாமல் இருப்பதற்கும் அது நல்லது.

கேள்வி: கல்லூரி மாணவன். விடுதியில் கட்டிலில் படுத்தபடி லேப்டாப்பில் புராஜெக்ட் வேலை செய்கிறேன். சுண்டுவிரல் மரத்துப்போகிறது. இது கார்ப்பல் டன்னலா? எந்தக் கீபோர்டு வாங்கினால் சரியாகும்? (வாசகர், பொள்ளாச்சி)

பதில்: சுண்டுவிரல் என்றால் பெரும்பாலும் அது கார்ப்பல் டன்னலாக இருக்காது. மணிக்கட்டில் எலும்புகளுக்கும் ஒரு தடித்த பட்டைக்கும் நடுவே இருக்கும் குறுகிய வழிதான் கார்ப்பல் டன்னல்; அதில் ஒன்பது தசைநாண்களும் மீடியன் நரம்பும் சேர்ந்து போகின்றன. அந்த நரம்பு நெருக்கப்பட்டால் கட்டைவிரல், ஆள்காட்டிவிரல், நடுவிரல், மோதிரவிரலின் பாதி ஆகியவைதான் மரக்கும். இரவில் தூக்கம் கலைந்து கையை உதறத் தோன்றும். சுண்டுவிரலும் மோதிரவிரலின் மறுபாதியும் அல்நார் நரம்பின் எல்லை. அது முழங்கையின் உட்பக்கம் தோலுக்கு அடியிலேயே ஓடுகிறது. முழங்கையை இடித்துக்கொண்டால் சுரீர் என்று கை முழுவதும் பாய்வது அதுதான். முழங்கையை மடக்கிக் கட்டிலில் ஊன்றிக்கொண்டு மணிக்கணக்கில் கிடந்தால் அது நசுங்குவதில் வியப்பில்லை. காதோடு கைப்பேசியைப் பிடித்தபடி நெடுநேரம் பேசுவதும் அதே வேலையைச் செய்யும்.

விசைப்பலகை எதுவும் வாங்க வேண்டாம். எழுந்து மேசைக்குப் போங்கள். இரண்டு வாரத்தில் குறையாவிட்டாலோ, பிடி தளர்ந்து பொருள்கள் கைநழுவினாலோ, உள்ளங்கைத் தசை மெலிந்ததாகத் தெரிந்தாலோ நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். எந்த நரம்பு, எந்த இடத்தில் என்பதை நரம்புக் கடத்தல் சோதனை காட்டும். கழுத்தில் நரம்பு அழுந்தினாலும் இதே விரலில் தெரியும் என்பதால், ஊகித்துக்கொண்டு நாளைக் கடத்த வேண்டாம். கார்ப்பல் டன்னல் என்றே வந்திருக்கும் மற்ற வாசகர்களுக்கும் ஒரு சொல்: சர்க்கரை நோய், தைராய்டு குறைவு, கர்ப்பம் ஆகியவற்றிலும் அது வரும். தட்டச்சு மட்டுமே அதற்குக் காரணம் என்பதற்கான சான்று அவ்வளவு வலுவாக இல்லை. ஓங்கி அழுத்திப் பிடிக்கும் வேலையும் அதிரும் கருவிகளும்தான் அதில் முன்னால் நிற்கின்றன.

கேள்வி: சோமனூரில் விசைத்தறிக்கூடம் வைத்திருக்கிறேன். தறிக்குப் பக்கத்து அறையிலேயே கணினி. பஞ்சுத் தூசியில் மெக்கானிக்கல் கீபோர்டு தாங்குமா? (வாசகர், சோமனூர்)

பதில்: சாதாரண மெக்கானிக்கல் சுவிட்ச் தாங்குவது கடினம். தண்டைச் சுற்றியிருக்கும் இடைவெளி வழியே நுண்ணிய பஞ்சு இழை உள்ளே இறங்கி உலோகத் தகடுகளுக்கு நடுவே சிக்கினால், ஒரு முறை அழுத்தியதற்கு இரண்டு எழுத்து விழும், அல்லது எழுத்தே விழாது. உங்கள் இடத்துக்கு விலை குறைந்த ரப்பர் குமிழ் விசைப்பலகையே நல்லது; கெட்டால் மாற்றிவிடலாம். மெக்கானிக்கல்தான் வேண்டும் என்றால், தூசிக்கும் நீருக்கும் ஐபி 56 தரம் என்று குறிக்கப்பட்ட 'பாக்ஸ்' வகைச் சுவிட்சைக் கேளுங்கள். வேலை முடிந்ததும் துணி போட்டு மூடுங்கள். வாரம் ஒருமுறை பலகையைக் கவிழ்த்துத் தட்டி, மெல்லிய தூரிகையால் துடையுங்கள். கூடத்தில் கம்ப்ரசர் இருக்கிறது என்பதற்காக அந்தக் காற்றை நேராகப் பாய்ச்சாதீர்கள். அதோடு வரும் ஈரமும் எண்ணெயும், வெளியே கிடந்த பஞ்சும் சேர்ந்து உள்ளே போய்விடும். ஆடிக் காற்றில் புழுதி வந்து அப்பும் உடுமலை, பல்லடம் பக்கத்து வாசகர்களுக்கும் இதுவே பதில்.

கேள்வி: விசைப்பலகைக்கு முன்னால் வைக்கும் மெத்தை போன்ற 'ரிஸ்ட் ரெஸ்ட்' அவசியமா? (வாசகி, கரூர்)

பதில்: உயரமான பலகை என்றால் உதவும். ஆனால் அதில் படிய வேண்டியது உள்ளங்கையின் அடிப்பகுதி. மணிக்கட்டை அதன் மீது அழுத்திக்கொண்டு தட்டச்சு செய்தால் நரம்பின் மேலேயே பாரத்தை வைத்ததாகிவிடும். அடிக்கும்போது கை அதற்கு மேலே மிதக்கட்டும், நிறுத்தும்போது இறங்கட்டும்.

கேள்வி: இரண்டாகப் பிரிந்த 'ஸ்பிளிட்' விசைப்பலகைக்கு அவ்வளவு செலவு செய்யலாமா? ஆறடி உயரம், அகன்ற தோள். சாதாரணப் பலகையில் கைகள் நெருக்கிக்கொண்டு மணிக்கட்டு வெளிப்பக்கம் வளைகிறது. (வாசகர், சரவணம்பட்டி, கோவை)

பதில்: நீங்கள் சொல்லும் வளைவுக்கு அதுதான் நேரான மருந்து. அகன்ற தோளிலிருந்து இறங்கும் இரண்டு முன்கைகளும் நடுவே ஒரு குறுகிய இடத்தில் வந்து சேரும்போது, விசைகளோடு நேராக நிற்க மணிக்கட்டு சுண்டுவிரல் பக்கமாகத் திரும்பித்தான் ஆக வேண்டும். மைக்ரோசாஃப்ட் 1994இல் நேச்சுரல் என்ற பெயரில் வெளியிட்ட நடுவில் பிளந்த பலகை இதற்காக வந்ததுதான். இன்று கிடைக்கும் இரு துண்டுப் பலகைகளைத் தோள் அகலத்துக்குத் தள்ளி வைக்கலாம்; சிலவற்றில் கட்டைவிரல் பக்கத்தைச் சற்று உயர்த்தவும் முடியும் என்பதால், உள்ளங்கையை முழுவதும் தரை நோக்கித் திருப்பும் சிரமமும் குறைகிறது.

ஆனால் இவற்றின் விலை சாதாரண மெக்கானிக்கலைவிடப் பல மடங்கு. நிறைய வகைகள் வெளிநாட்டிலிருந்தே வர வேண்டியிருப்பதால் சுங்க வரியும் சேரும். ஆகவே முதலில் ஓர் இலவசச் சோதனை. விண்டோஸ் கணினியில் இரண்டு யு.எஸ்.பி. விசைப்பலகைகளை ஒரே நேரத்தில் இணைத்தால் இரண்டும் வேலை செய்யும்; ஒன்றில் ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு மற்றதில் எழுத்தை அடித்தாலும் பெரிய எழுத்தே விழும். அலுவலகத்தில் கிடக்கும் இரண்டு பழைய பலகைகளை எடுத்து, இடக்கைக்கு ஒன்று, வலக்கைக்கு ஒன்று எனத் தோள் அகலத்தில் வைத்து ஒரு வாரம் வேலை பாருங்கள். பார்க்கக் கோமாளித்தனமாக இருக்கும். ஆனால் மணிக்கட்டு நேரானால் வலி குறைகிறதா என்பது தெரிந்துவிடும். பி (B) விசையை வலக்கையால் அடிக்கும் வழக்கம் உங்களுக்கு இருக்கிறதா என்பதும் அப்போது தெரியும். பிளந்த பலகையில் அது இடக்கைக்குப் போய்விடும். வாங்கிய முதல் சில வாரங்களில் வேகம் வெகுவாகக் குறையும். புராஜெக்ட் கெடு நெருங்கும் நேரத்தில் மாற்ற வேண்டாம்.

கேள்வி: நாமக்கல்லில் பள்ளி ஆசிரியை. ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக மாற்றும் முறையில் கட்டுரைகள் எழுதுகிறேன். பக்கங்கள் கூடக்கூட விரல் சோர்கிறது. தமிழ் 99க்கு மாறினால் குறையுமா? தமிழ் எழுத்து பொறித்த மெக்கானிக்கல் கீபோர்டு கிடைக்குமா? (வாசகி, நாமக்கல்)

பதில்: குறையும் என்றே சொல்வேன், புதுப் பலகை வாங்குவதைவிட இது உங்களுக்குக் கூடுதல் பயன் தரும். சென்னையில் 1999இல் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு ஏற்ற விசைப்பலகை எழுத்தமைப்பு இது. உயிரெழுத்துகள் அனைத்தும் இடக்கைக்கு. மெய்களில் பெரும்பாலானவை வலக்கைக்கு. அதிகம் புழங்கும் க, ப, ம, த, ந, ய ஆறும் வலக்கை விரல்கள் இயல்பாகத் தங்கும் நடு வரிசையிலேயே இருக்கின்றன. அ, இ, உ, புள்ளி நான்கும் இடக்கையின் நடு வரிசையில். தமிழில் மெய்யும் உயிரும் மாறி மாறி வருவதால், ஒரு கை அடிக்கும்போது மற்றது ஓய்வெடுக்கிறது. ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானே விழும். ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற என்னும் இணைகளிலும் அப்படியே. 'வாழ்க்கை' என்பதை ஆங்கில எழுத்துகளில் ஒன்றுவிடாமல் அடித்தால் ஒன்பது தட்டல்கள், தமிழ் 99இல் ஏழு. 'அம்மா'வுக்கு ஐந்தும் நான்கும். கிரந்த எழுத்துகளையும் ஆய்த எழுத்தையும் தவிர வேறெந்தத் தமிழ் எழுத்துக்கும் ஷிஃப்ட் வேண்டாம் என்பது, நாள் முழுவதும் அந்த விசைக்கு நீளும் சுண்டுவிரலுக்குப் பெரிய விடுதலை.

டைப்ரைட்டிங் தமிழ் லோயர், ஹையர் முடித்துப் பழைய தட்டச்சு அமைப்பு கையில் ஊறியவர்களுக்கு இந்த அறிவுரை பொருந்தாது. அவர்கள் அதிலேயே இருப்பது நல்லது. உங்களுக்கு அந்தத் தடை இல்லை. விண்டோஸ் 11இல் மொழி அமைப்புகளுக்குள் தமிழைச் சேர்த்தால் தமிழ் 99 அங்கேயே இருக்கிறது. தனி மென்பொருள் வேண்டாம்.

தமிழ் பொறித்த மெக்கானிக்கல் பலகையைத் தேடி அலைய வேண்டாம். சாதாரணப் பலகையில் ஒட்டுவதற்குத் தமிழ் 99 எழுத்து வில்லைகளை வாங்கி ஒட்டலாம். ஆனால் விரல்படும் இடத்தில் அவை விளிம்பு பெயர்ந்து பிசுபிசுக்கும். அதைவிட, எழுத்தமைப்பின் படத்தை அச்சிட்டுத் திரைக்குக் கீழே ஒட்டிவைத்துக்கொண்டு, விசைகளைப் பார்க்காமல் அந்தப் படத்தை மட்டும் பார்த்து அடிக்கப் பழகுங்கள். முதலில் கட்டுரை எதையும் எழுத முயல வேண்டாம். வகுப்பில் கரும்பலகையில் எழுதிப்போடும் சொற்களையே நாளுக்குக் கால் மணி நேரம் அடித்து வாருங்கள். அரையாண்டுத் தேர்வுக்கான வினாத்தாள்களை நீங்களே அடிக்கிறவர் என்றால், விடுமுறையில் தொடங்குவது நல்லது.